எலியாஸுக்கு ஒரு பூசை

லாய்டின் வீட்டில் எது நடந்தாலும் பூசைதான். யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஒரு பூசை, காய்ச்சல் விட்டால் நன்றிக்கு ஒரு பூசை. மாடிக்குத் தண்ணீர் ஏற்றாமல் அடம்பிடித்த மோட்டாருக்குக்கூட ஒருமுறை, மோட்டார் என்று சொல்லாமல், 'ஒரு சிறப்பு வேண்டுதலுக்காக' என்று கொடுத்துவிட்டு வந்தான். மறுநாள் மெக்கானிக் வந்து சரிசெய்தான். மெக்கானிக்கை யார் அனுப்பியது என்பதில் லாய்டுக்குக் கடைசிவரை சந்தேகமே வரவில்லை.

சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது வழக்கம்தான். சர்ச் என்பதை இவர்கள் கோயில் என்பார்கள். கோயில் ஆபீசில் பேரையும் காரணத்தையும் சொல்லிவிட்டால், குறித்த நாளில் பூசை தொடங்கும்போது ஃபாதர் எல்லோருக்கும் கேட்கப் படிப்பார். இன்னாருக்குச் சுகம் வேண்டி, இன்னாரின் ஆன்மா இளைப்பாற்றி அடைய, வேண்டுபவர் இன்னார் குடும்பம். லாய்டின் கீழ்வீட்டு அல்போன்சா அக்கா செவ்வாய்தோறும் அந்தோணியார் நவநாள் பூசையில், 'காணாமற்போன மகன் காஸ்பர் வீடு திரும்ப' என்று பல வருஷமாகக் கொடுத்து வருகிறாள். அது படிக்கப்படாத செவ்வாய்க்கிழமையே கிடையாது. லாய்டின் நாய் செத்தபோது மட்டும் ஃபாதர் கையை விரித்துவிட்டார். அந்தக் குறை அவனுக்கு இன்றும் உண்டு.

அப்பேர்ப்பட்டவன் உலகத்திலேயே இல்லாத ஒரு ஆளுக்குப் பூசை கொடுத்து, கட்டிய பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை இது.

பெண்டாட்டி பிரிஸில்லா, எல்.கே.ஜி. டீச்சர். பள்ளிக்கூட வாசலில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டும் குழந்தை, அவள் இடுப்பில் ஒருமுறை ஏறிவிட்டால் சாயங்காலம் இறங்க மாட்டேன் என்று அழும். இத்தனை காலம் அது போதுமானதாக இருந்தது. இப்போது புது நிர்வாகம் வந்து, டிகிரி இல்லாதவர்கள் ஜூன் மாதத்துக்குப் பிறகு டீச்சராக இருக்க முடியாது, விருப்பமிருந்தால் ஆயா வேலைக்கு வரலாம் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டது. பிரிஸில்லா அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாத் தாளையும் தாண்டிவிட்டாள். 'உலகச் சிறுகதைகள்' என்கிற ஒரே ஒரு தாள் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. இந்தத் தடவையும் விட்டால் ஜூனில் அவள் குழந்தைகளுக்கு மூக்குத் துடைக்கலாம், பாடம் சொல்லித்தர முடியாது. அவளுக்கு அது தெரியும், லாய்டுக்கு அவளைவிட நன்றாகத் தெரியும்.

அந்தத் தாளில் ஒரே ஒரு கதைதான் சிக்கல். கட்டாயக் கேள்வி எப்போதும் அதிலிருந்துதான் வரும், அந்தக் கேள்வியைத்தான் இரண்டு தடவையும் வெறுந்தாளாக விட்டுவிட்டு வந்திருந்தாள். கதையின் பெயர் 'பசை'. எழுதியவரின் பெயரை அந்த வீட்டில் யாராலும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. லாய்ட் அவரை 'நம்ம ஆளு' என்றே குறிப்பிட்டான்.

கதை இதுதான். ஒரு நாடு, எந்த நாடென்று சொல்லவில்லை. அங்கே ஒரு ஜெனரலின் ஆட்சி. அவருடைய சிலையை ஊர் நடுவில் நிறுத்தும்போது கயிறு அறுந்து, சிலை குப்புற விழுந்து, மூக்கு உடைந்துபோகிறது. கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிடுகிறான். அவன் எலியாஸ், ரொட்டி சுட்டு விற்கிறவன். அன்று சாயங்காலம் அவன் வீட்டில், கால் ஆடுகிற நாற்காலிக்குப் பசை தடவி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேசைமேல் கவிழ்த்து வைக்கிறான். கதவு தட்டும் சத்தம். இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்கிறார்கள். எலியாஸ் சட்டையை மாட்டிக்கொண்டே மனைவி ரமோனாவிடம், "பசை காய்வதற்குள் வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

வரவில்லை. அடுத்த வாரம் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. ரமோனா காவல் நிலையத்துக்கும் சிறைக்கும் ராணுவ முகாமுக்கும் நடையாய் நடக்கிறாள். அப்படி ஒருவன் இங்கே வரவே இல்லை என்றுதான் எல்லா இடத்திலும் பதில். அந்தத் தெருவில் அதன் பிறகு யாரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. வெகுகாலம் கழித்து ஒரு அதிகாரி வீடு தேடி வருகிறார். தன்மையாகத்தான் பேசுகிறார். உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்று இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள், உதவித்தொகை வரும், உங்கள் மனசும் ஆறும் என்கிறார். பேசிக்கொண்டே உட்கார இடம் தேடுகிறார். மேசைமேல் அந்த நாற்காலி, கயிறு கட்டியபடி, இன்னும் கவிழ்ந்தே கிடக்கிறது. அதை எடுக்கக் கை நீட்டுகிறார். ரமோனா சொல்கிறாள், "தொடாதீர்கள். பசை இன்னும் காயவில்லை." அத்தோடு கதை முடிகிறது.

லாய்ட் பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவுக்கு மேனேஜர். நாளெல்லாம் பேசிப் பேசித் தொண்டை கட்டினாலும், வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பான். பிரிஸில்லா நொச்சிக்குப்பத்து ரோட்டோரத்தில் வாங்கிய நெத்திலியைத் தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாகத் தலை கிள்ளிக்கொண்டே கேட்பாள். மற்றக் கதைகளெல்லாம் இப்படித்தான் அவள் மண்டையில் ஏறின. இந்தக் கதைக்கு மட்டும், அதிகாரி கை நீட்டும் இடம் வந்ததும், நெத்திலிக் கையோடு எழுந்து போய்விடுவாள்.

"பிரிசி, கடைசி வரி வரைக்கும் கேட்டாத்தானே எழுத முடியும்?" என்றான் ஒருநாள்.

"எனக்குத் தெரியும் கடைசி வரி."

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். பசை காய எவ்ளோ நேரம் ஆகும்? ஒரு ராத்திரி. நம்ம வீட்டு ஸ்டூலுக்கு நானே ஒட்டியிருக்கேன். அந்தம்மாவுக்கு இது தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றா. அதாங்க என்னால தாங்க முடியல." கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை, கையெல்லாம் மீன். லாய்ட்தான் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டான்.

கடையில் வாங்கிய நோட்ஸில் அந்தக் கட்டாயக் கேள்விக்குப் பதில் போட்டிருந்தது. எலியாஸ் இறந்தது வாசகர் அனைவருக்கும் தெரியும், ரமோனா மட்டும் மனம் பேதலித்து அதை ஏற்க மறுக்கிறாள், அந்த நாற்காலி அவளது பேதலிப்பின் அடையாளம். மனப்பாடம் செய்து அப்படியே எழுதினால் தேறிவிடலாம் என்று லாய்ட் சொன்னான். பிரிஸில்லா அவனைப் பார்த்த பார்வையில் அவன் நோட்ஸை மூடி வைத்துவிட்டான்.

"அவளுக்குப் பைத்தியம்னு நான் எழுதணுமா?"

"அப்ப என்ன எழுதப் போற?"

"அதான் தெரியலையே. அவன் இருக்கானா இல்லையான்னு தெரியாம நான் என்னத்தங்க எழுதறது?"

பரீட்சை நெருங்க நெருங்க அவளுக்குத் தூக்கம் போயிற்று. இட்லி ஊற்றும்போது, 'அவனுக்கு முப்பது வயசுதான் இருக்கும்ல' என்பாள். எலியாஸைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று புரிய லாய்டுக்கு ஒரு கணம் ஆகும். சொந்த மைத்துனன் காணாமல் போயிருந்தால்கூட அந்த வீடு அவ்வளவு கனமாக இருந்திருக்காது. லாய்ட் என்ன செய்வான் பாவம். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. கட்டினவளைத் தூங்க விடாமல் ஒரு ஆன்மா அலைகிறதென்றால், அதற்கு முறையாக ஒரு பூசை கொடுத்து அனுப்பி வைக்க வேண்டியதுதானே. அவள் மனசும் ஆறும், பரீட்சையும் எழுதிவிடுவாள். இப்படி யோசித்த அந்தப் புண்ணியவான், வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகிற வழியில் கோயில் ஆபீசில் வண்டியை நிறுத்தினான்.

ஆபீசில் தமிழ்மொழி என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயசு, சுறுசுறுப்பு, வாய் கொஞ்சம் நீளம்.

"பேரு சொல்லுங்க அங்கிள்."

"எலியாஸ்."

"உயிரோட கீறாரா, இறந்தவரா?"

லாய்ட் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "ரெண்டுல ஒண்ணு சொல்லியே ஆகணுமா?"

"பின்ன? சுகம் வேண்டியா, இளைப்பாற்றி வேண்டியான்னு தெரியாம ஃபாதர் இன்னான்னு படிப்பாரு?"

பின்னால், பூசையில் வாசிக்கக் கல்யாண அறிவிப்பு ஓலை கொடுக்க வந்த ஒருவர் தொண்டையைச் செருமினார். லாய்டுக்குக் கடைக்கும் நேரமாகிவிட்டது. "இறந்தவர்னே போடும்மா. போய் ரொம்ப வருஷமாச்சு" என்றான்.

"உங்களுக்கு இன்னா உறவு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்காரிக்கு ரொம்ப வேண்டப்பட்டவர்."

தமிழ்மொழி ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு லாய்ட் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தான். பிரிஸில்லாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று. ஃபாதர் மைக்கைச் சரிசெய்து படித்தார். "இறந்துபோன எலியாஸின் ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடைய. வேண்டுபவர், லாய்ட் பிரிஸில்லா குடும்பத்தினர்." லாய்ட் புன்னகையோடு அவள் பக்கம் திரும்பினான். பிரிஸில்லாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் கைக்குப் பக்கத்தில் பெஞ்சில் இருந்த தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பூசையில் சமாதானம் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று ஃபாதர் சொல்லும் ஒரு கட்டம் உண்டு. பக்கத்தில் இருப்பவர்களுக்கு எல்லோரும் கும்பிட்டு, சமாதானம் சொல்வார்கள். பிரிஸில்லா முன்பெஞ்சுக்குச் சொன்னாள், பின்பெஞ்சுக்குச் சொன்னாள், எதிர்வரிசையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்குக்கூடக் கும்பிடு போட்டாள். தாலி கட்டினவன் கூப்பிய கையோடு நின்றுகொண்டிருந்தான். அவன் பக்கம் திரும்பவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது மெதுவாக ஆரம்பித்தான். "கடைக்கு நேரமாச்சு, இறந்தவர்னே போடச் சொல்லிட்டேன். நல்லதுன்னு நெனச்சுதான் பிரிசி செஞ்சேன்."

"அந்த ஆபீசரும் அப்படித்தாங்க வந்தான். நல்லவன் மாதிரி, கையில பேப்பரோட."

"நான் எங்க, அவன் எங்க?"

"அவனும் இதத்தான் சொன்னான், உங்க மனசு ஆறும்னு." அவள் நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். "செத்துட்டான்னு யாருங்க சொல்லணும்? கூட்டிட்டுப் போனவன் சொல்லணும். எங்க கொண்டு போனேன், என்ன பண்ணேன், எங்க போட்டேன்னு அவன் வாயத் தொறந்து சொல்லணும். அவன் சொல்லாம தப்பிக்கறதுக்கு இவ கையெழுத்துப் போட்டுத் தரணுமா? போட்டா, அவங்க பாதியில விட்டத இவளே முடிச்சு வெச்ச மாதிரி. அதான் அவ போடல. சோறு இல்லாதப்பவும் போடல. நீங்க கடைக்கு நேரமாச்சுன்னு போட்டுட்டு வந்துட்டீங்க."

கோயில் ஆபீசுப் பெண் இரண்டில் ஒன்றுதான் கேட்டாள் என்று லாய்ட் சொல்ல நினைத்தான். சொன்னால் இன்னும் வாங்குவோம் என்று தெரிந்து சும்மா இருந்தான். அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியவில்லை என்பதுதான் அவனை அதிகம் வதைத்தது.

வீட்டுக்கு வந்ததும் பிரிஸில்லா மேசையிலிருந்த புத்தகங்களை எல்லாம் அடுக்கி, பரண்மேல் ஏற்றினாள். ஸ்டூலைப் பிடிக்கட்டுமா என்று கேட்டவனுக்குப் பதில் இல்லை. இறங்கினதும், "நான் எழுதப் போறதில்ல. ஆயாவாவே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். பரீட்சை செவ்வாய்க்கிழமை. கட்டிலில் உட்கார்ந்து லாய்ட் தலையில் கைவைத்துக்கொண்டான். ஒரு பூசையில் பெண்டாட்டி, பரீட்சை, வேலை மூன்றையும் தொலைத்தவன் இந்தக் கோயில் பங்கிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டான்.

இதற்குள் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. யார் அந்த எலியாஸ், அம்மா வழியா அப்பா வழியா, எப்போது நடந்தது, எங்களுக்கு ஏன் சொல்லவில்லை. பிரிஸில்லாவுக்கு ரொம்ப வேண்டப்பட்டவராமே என்று ஒரு உறவுக்காரி இழுத்து இழுத்துக் கேட்டாள். லாய்ட் ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு மாதிரி உளறினான்.

சாப்பாட்டு நேரத்துக்கு அல்போன்சா அக்கா படியேறி வந்தாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், முட்டி வலி, மாடிக்கு அவ்வளவாக வரமாட்டாள். கையில் மூடி போட்ட கிண்ணத்தில் குழம்பு. சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று கொண்டு வந்திருக்கிறாள் என்பது புரிந்ததும் லாய்டுக்குக் கூசிப்போயிற்று.

"யாரு பிரிசி எலியாஸு? உன் சொந்தத்துல அப்பிடி யாரும் எனக்குத் தெரிஞ்சு கெடையாதே."

"சொந்தம் இல்லக்கா. கதையில வர்ற ஆளு. என் பாடத்துல."

அக்கா சிரிப்பாள் என்று இருவரும் நினைத்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து, "எப்பிடிச் செத்தான்?" என்று கேட்டாள்.

"செத்தானான்னே தெரியாதுக்கா. வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போனாங்க. அவ்ளோதான்."

"யாரு?"

"ஜெனரலோட ஆளுங்க."

அல்போன்சா அக்கா கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். "சொல்லு" என்றாள்.

லாய்டுக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவின் மகன் காஸ்பர் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன். எங்கேயோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, சிம் கார்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று இறங்கி ஊருக்குள் போனான். அன்றைக்குத்தான் அந்த ஊரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தெருவெல்லாம் துப்பாக்கிச் சூடு, கையில் அகப்பட்டவனை எல்லாம் லாரியில் ஏற்றினார்களாம். கப்பல் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டது. தகவல் இல்லை, தகவல் இல்லை என்றே எல்லாத் திசையிலிருந்தும் பதில் வந்தது. கோயில் பெரியவர்கள் இரண்டொரு தடவை, ஒரு இளைப்பாற்றிப் பூசை கொடுத்துவிடு அல்போன்சா, மனசு அடங்கும் என்று சொல்லிப் பார்த்தார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மகன் வீடு திரும்பக் கேட்கும் செவ்வாய்க்கிழமைதான் அவளுக்கு, இளைப்பாற்றி கேட்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

பிரிஸில்லாவும் அதை நினைத்துத் தயங்கினாள். "வேணாம்க்கா. மனசுக்குக் கஷ்டமா இருக்கும்."

"எனக்கு இன்னா புதுசாவா கஷ்டம்? சொல்லு நீ."

பிரிஸில்லா சொன்னாள். புத்தகம் பரண்மேல் இருந்தது, அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, கையால் காட்டிச் சொன்னாள். சிலை விழுந்து மூக்கு உடைந்த இடத்தில் அக்காவே கொஞ்சம் சிரித்தாள். லாய்ட் தேநீர் போடுகிற சாக்கில் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அதிகாரி வந்தார், தாளை நீட்டினார், நாற்காலிப் பக்கம் கையை நீட்டினார். பிரிஸில்லா எழுந்து போகவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தபடியே கடைசி வரியையும் சொல்லி முடித்தாள்.



"காஸ்பர் போன் சார்ஜரு சொவத்துலயே கீது" என்றாள் அக்கா. "பழைய காலத்து சார்ஜரு, பின்னு ஒல்லியா இருக்கும். இப்போ வர்ற போனு எதுக்கும் சேராது. வெள்ளையடிக்க வந்தவன் கழட்டறேன்னான். நான் வுடல. அத சுத்தித்தான் அடிச்சிட்டுப் போனான். இப்ப வந்து பாத்தாலும் தெரியும், அங்க மட்டும் பழைய பச்சை கலரு." பிறகு கேட்டாள், "அந்தப் பொம்பள கையெழுத்து போடவே இல்லியா?"

"இல்லக்கா."

"ஆங்" என்றாள் அக்கா. எழுந்து, பிரிஸில்லாவின் கன்னத்தை ஒருதரம் தடவிவிட்டு, குழம்பை ஆறுவதற்குள் சாப்பிடச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். லாய்ட் கையில் இரண்டு டம்ளரோடு நின்றான். பிரிஸில்லா அவனைத் திரும்பிப் பார்க்காமலே, "ஸ்டூலப் பிடிங்க" என்றாள். ஏறி, பரண்மேலிருந்த புத்தகங்களை இறக்கினாள். லாய்ட் ஸ்டூலைப் பிடித்த பிடியில் அதன் கால் மறுபடி கழன்றிருக்கும், அவ்வளவு இறுக்கம்.

பரீட்சைக்குப் போகிறாள் என்பது சரி. எலியாஸ் செத்தவனாகவே கிடக்கிறானே, அதற்கு என்ன வழி? திங்கட்கிழமை சாயங்காலம் லாய்ட் மறுபடி கோயில் ஆபீசுக்குப் போனான்.

"தமிழ்மொழி, அந்த எலியாஸ் பேர மாத்தணும்மா. இறந்தவர் இல்ல அவர்."

"அங்கிள், ஃபாதர் படிச்சுட்டாரு. ஊரே கேட்டுச்சு."

"தப்பாச் சொல்லிட்டேன். உயிரோட இருக்கறவங்க பக்கம் போட்டு இன்னொரு தடவை படிக்கச் சொல்லேன்."

"செத்தவங்கள எழுப்பறது ஆண்டவர் வேலை அங்கிள். எனக்கு அந்த பவர் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தமிழ்மொழி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். லாய்ட் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் அவளைப் பின்னால் உட்காரவைத்து, பாண்டி பஜார் நெரிசலில் புகுந்து, தி.நகரில் பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டான். "நல்லா எழுது" என்றான். "ம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவனுக்குக் கிடைத்த பதில்களில் அதுவே கொஞ்சம் நீளமானது.

கடையில் அவனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முதலாளி சுயம்புலிங்கம் அண்ணாச்சி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கூப்பிட்டார். "என்ன வே லாய்டு, அந்தம்மா மாம்பழக் கலரு கேட்டாவ, நீரு பச்சையா எடுத்துப் போட்டுக்கிட்டு இருக்கீரு. போயி பள்ளிக்கூடத்து வாசல்லயே நில்லும். வீட்டம்மா வெளிய வந்தப்புறம் வாரும்." லாய்ட் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.

மணி அடித்து எல்லோரும் வெளியே வந்தார்கள். பிரிஸில்லா கடைசியாக வந்தாள். கை விரலெல்லாம் மை, முகத்தில் களைப்பு. லாய்ட் வாங்கி வைத்திருந்த ரோஸ்மில்க்கை நீட்டினான். அதில் பாதி குடிக்கும்வரை பொறுத்துக்கொண்டிருந்தான்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. ரமோனா கையெழுத்திட மறுப்பது மனப்பேதலிப்பா, ஆராய்க."

"நீ என்ன எழுதின?"

"உங்களத் திட்டினேன்ல ரோட்டுல, அத எழுதினேன்."

"அப்படியேவா?"

"உங்க பேர எடுத்துட்டு ஆபீசர்னு போட்டேன். கொஞ்சம் மரியாதையா எழுதினேன்." ஸ்ட்ராவை மறுபடி வாயில் வைத்தவள் எடுத்தாள். "பக்கம் போதல. கூடுதல் தாள் வாங்கினேன்."

நடுத்தெருவில் அழுதுவிடுவோமோ என்று லாய்டுக்குப் பயமாக இருந்தது. வண்டிச் சாவியைத் தேடுகிற மாதிரி எல்லாப் பையிலும் கைவிட்டுப் பார்த்தான். சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வண்டி ஆழ்வார்பேட்டை சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "எலியாஸ நெனச்சாத்தான் பாவமா இருக்கு. எழுதறதெல்லாம் எழுதிட்டேன். ஆனா ஊர் முன்னாடி அவன செத்தவன்னு படிச்சது படிச்சதுதானே."

"மாத்தச் சொல்லிக் கேட்டேன் பிரிசி. முடியாதுன்னுட்டா."

அவள் அவன் தோளில் கையை வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நவநாள் பூசைக்கு இருவரும் போனார்கள். கூட்டம் நிறைய. அல்போன்சா அக்கா எப்போதும் உட்காரும் தூணோரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஃபாதர் வேண்டுதல்களைப் படிக்க ஆரம்பித்தார். வேலை கிடைக்க வேண்டி, குழந்தை வரம் வேண்டி, தொலைந்த வளையல் திரும்பக் கிடைக்க வேண்டி. ஒவ்வொன்றுக்கும் கோயில் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. லாய்டும் பழக்க தோஷத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். வழக்கமான இடம் வந்தது.

"காணாமற்போன காஸ்பர்," என்று படித்த ஃபாதர் தாளை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "காணாமற்போன காஸ்பர், எலியாஸ் ஆகியோர் வீடு திரும்ப. வேண்டுபவர், அல்போன்சா."

லாய்டின் கையைப் பிரிஸில்லா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் அத்தனை பேரும், எலியாஸ் யாரென்றே தெரியாதவர்கள், தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டிக்கொள்வது போல ஒரே குரலில் சொன்னார்கள். லாய்டுக்குக் குரல் உடைந்துவிட்டது, இருந்தாலும் எல்லோரும் முடித்த பிறகு தனியாகச் சொல்லி முடித்தான். முன்பெஞ்சில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். சமாதானம் சொல்லும் கட்டம் வந்தபோது பிரிஸில்லா வேறு யாருக்கும் சொல்வதற்கு முன் அவனுக்குச் சொன்னாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பிரிஸில்லா அக்காவின் கையைப் பிடித்துப் படியிறக்கிவிட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அக்கா, அவன் கதையில வர்றவன்தானே?"

"இருக்கட்டுமே" என்றாள் அல்போன்சா அக்கா. "இத்தினி வருசமா என் புள்ள பேரு தனியா போய்க்கினு இருந்துச்சு. தொணைக்கு ஒருத்தன் கூடப் போவட்டுமேன்னு சேத்தேன்."